பேர் பென்சிலில், ஊர் பேனாவில்

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு "தாத்தா, இது இன்னா கல்லு?" என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எங்க எடுத்தே?" என்பதுதான். அவர்களுக்கு இது பிடிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது பேர். டைனோசர் பல், டைனோசர் முட்டை, டைனோசர் எலும்பு, ஏதாவது ஒன்றை உடனே சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியது ஊர். எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்ற விவரம் இல்லாத காகிதத்தை எந்த எழுத்தரும் காகிதமாகவே மதிக்கமாட்டான். கல்லுக்கும் அதே விதிதான் என்று எழுபது தாண்டிய பிறகு தெரிந்துகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷமாக மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கல்லாகிப் போன பழைய உயிர்களைத் தேடும் வகுப்பு நடத்துகிறார். தொல்லுயிர் எச்சம், புதைபடிவம் என்று பாடப் புத்தகத்தில் வருமே, அதுதான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்திலிருந்து ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற இருபது பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்புக்குக் காசு கிடையாது. வேன் வாடகையை மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

என்னை இதில் இழுத்துவிட்டது என் பிரெஞ்சு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு என் உத்தியோகத்தில் உதவியதைவிட, தெருவில் இருந்த சொல்தாக்களுக்கு பென்ஷன் காகிதம் படித்துச் சொல்லத்தான் அதிகம் உதவியது. ஒருநாள் சாயங்காலம் ஆசிரியர் நாலைந்து ஜெராக்ஸ் தாள்களோடு வந்தார். பியேர் சொன்னெரா என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி 1782-இல் பாரிஸில் அச்சான கிழக்கிந்தியப் பயண நூலின் பக்கங்கள். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்து எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் இவர்தான் என்கிறார்கள். பழைய அச்சு. எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி இருக்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துச் சொன்னேன். முடித்ததும், "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்களேன் சார், பசங்களுக்கு இதைச் சொல்லுங்க" என்றார். போனவன்தான், இன்னும் திரும்பவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். முண்டியம்பாக்கத்தில் எவ்வளவு தோண்டினாலும் இந்த மாதிரி எச்சம் கிடைக்காது. மேல்மண்ணுக்குக் கீழே இருப்பது கருங்கல். பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டில் வெந்து உருவான பாறை அது. அதில் இலையும் சிப்பியும் மிஞ்ச வழியில்லை. ஆனால் கிழக்கே முப்பது கிலோமீட்டர் போனால் கதையே வேறு. கூட்டேரிப்பட்டு, மயிலம் தாண்டி, பெரும்பாக்கத்திலிருந்து திரும்பி, சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை. வக்கிரகாளியம்மனுக்குப் பௌர்ணமி தோறும் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் அவர்களில் எத்தனை பேர் கால் வைத்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் வராது.

பூங்கா மொத்தம் 247 ஏக்கர், 9 பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிற தேசியப் புவியியல் சின்னம் அது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள். நீளமானவை 15 மீட்டர் வரை இருக்கின்றன. படுத்துக் கிடக்கிற அடிமரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. இங்கேயே நின்று வளர்ந்தவை அல்ல, வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஊர்க்காரர்கள் சொல்வது வேறு. பெருமாள் வக்கிராசுரனை வதம் செய்தபோது சிதறிய எலும்புகள் இவை. பிள்ளைகளுக்கு நான் இரண்டையும் சொல்லுகிறேன். எலும்பு என்று சொன்னவர்களும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. கல்லாக இருக்கிறது, ஆனால் கல்லாகப் பிறந்தது இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

மரம் எப்படிக் கல்லாகும்? வத்தல் குழம்பில் போட்ட சுண்டைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு காய்க்குள் இறங்குகிறது, காயின் உருவம் மாறுவதில்லை. மணலுக்கு அடியில் காற்றுப் படாமல் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த தண்ணீர் ஊறி ஊறி, ஒவ்வொரு அறையாக நிரம்பி இறுகிவிடுகிறது. மரச்சத்து போய்விடும், மரத்தின் அமைப்பு நிற்கும். இரும்புத் துரு கலந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும். அதனால்தான் துண்டைப் பார்த்தால் நேற்று கோடாலியால் பிளந்த சிராய் போலவே இருக்கிறது. கையில் எடுத்தால்தான் கனம் தெரியும்.

பூங்காவில் பிள்ளைகள் எதையும் எடுக்கக் கூடாது. இது சட்டமும் கூட, ஆசிரியரின் கட்டளையும் கூட. தரையெங்கும் விரல் நீளத் துண்டுகள் கிடக்கும், கை பரபரக்கும். வெளியே வரும்போது எல்லாரும் அவரவர் பையை அவரவரே கவிழ்த்துக் காட்ட வேண்டும். முதல் வருஷம் ஒரு சின்னப் பெண் காலணிக்குள் ஒளித்துவைத்து, நொண்டிக்கொண்டே வந்து மாட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு குட்டிக் கல்லுதானே டீச்சர்" என்று உடன் வந்த ஆசிரியையிடம் அழுகை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு குட்டிக் கல் எடுத்திருந்தால் சொன்னெராவுக்குப் பிறகு நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னோம். அழுகை நின்றதா என்றால், இல்லை.

எடுத்துப் பார்க்கிற வேலையெல்லாம் பூங்காவுக்கு வெளியே, வேறு ஊர்களில். திருவக்கரையிலிருந்து வேனில் ஏறி அரை மணி நேரம் புதுச்சேரி பக்கம் போனால் வழுதாவூர், சேதராப்பட்டு, கரசூர். இந்த அரை மணியில் இன்னும் 5 கோடி ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறோம். அங்கே தரைக்குக் கீழே இருப்பது 7 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலின் அடிச்சேறு. பூமியில் டைனோசர்கள் நடமாடிய கடைசிக் காலம். கிணறு தோண்டிப் போட்ட மண், குளம் வெட்டிய கரை, இதுபோன்ற இடங்களில் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை உட்கார வைப்போம். மூன்று மணி நேரம் குனிந்து பொறுக்கினால் ஆளுக்கு நாலைந்து சிப்பித் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் சுருள் சங்கில் ஒரு வளையம்.

இந்தச் சிப்பிகளுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் மதராஸ் சிவில் சர்வீஸ். அதாவது நம்மைப் போல அரசு உத்தியோகஸ்தர்கள், சம்பளத்தில்தான் வித்தியாசம். அனுப்பியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் உயிர்கள் அதில் நிறைய. அவற்றுக்கு அவர் வைத்த பேர்கள்தான் வேடிக்கை. இந்திரா, பிரம்மா, விஷ்ணு, சூர்யா! இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பேர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரம்மாயிட்டஸ் விஷ்ணு என்றே ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னதும் மயிலத்துப் பையன் ஒருவன், "முருகன் பேர்ல இல்லியா சார்?" என்று கோபமாகக் கேட்டான். அவன் கோபம் நியாயம்தான், மலைமேல் சாமி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அல்சீத் தோர்பிஞி என்ற பெரிய மேதை புதுச்சேரிச் சிப்பிகளை ஆராய்ந்து, அதில் ஒன்றுக்கு ஃபோர்ப்ஸின் பேரையே வைத்தார். இரண்டு தேசத்துக்கும் நடந்த சண்டைகளையெல்லாம் படித்து வளர்ந்த எனக்கு இது ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்தப் பழைய புத்தகத்தில் ஒரு குறை உண்டு. இடம் என்ற பகுதியில் 'பாண்டிச்சேரி' என்று மட்டும் இருக்கும். எந்தக் கிணறு, எந்த ஓடை, மேல் அடுக்கா கீழ் அடுக்கா, ஒன்றும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, வார்த் என்பவர் வந்து அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சேகரிக்க வேண்டியிருந்தது. அதை வைத்து கொஸ்மாட் என்ற ஆஸ்திரியர் 1897-இல் எழுதிய பிறகுதான் எது மூத்தது, எது இளையது என்பது தெளிவாயிற்று. ஒரு வரி கூடுதலாக எழுதாததற்கு ஐம்பது வருஷம்.

இதைப் படித்த அன்றைக்குத்தான் கடைக்குப் போய் நீளமான பேரேடு ஒன்று வாங்கி வந்தேன். பழைய பழக்கம், ஸ்கேல் வைத்துப் பத்தி போட்டேன். வரிசை எண், தேதி, எடுத்தவர், எடுத்த ஊர், வயலா கிணறா ஓடையா, மேலே கிடந்ததா தோண்டியதா, நீளம், எடை, கண்ணால் கண்டது. கடைசியில் பேர். இடம் சம்பந்தப்பட்டதெல்லாம் பேனாவில். பேர் மட்டும் பென்சிலில். எடுத்த இடத்தை இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்குச் சொல்ல ஆள் கிடையாது. பேரை அடுத்த வருஷம் கூட மாற்றிக்கொள்ளலாம்.

பேர் கடைசி என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. சின்ன வகுப்பில் எங்களுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் மேஜைமேல் ஒரு நத்தை ஓட்டை வைப்பார். பேரைச் சொல்லக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிக்க வேண்டும், வரைய வேண்டும். பேரை முந்திச் சொன்னவன் அன்றைக்குப் பெஞ்சு மேல் நிற்பான். பேர் தெரிந்த நிமிஷமே பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கிற கருவிகள் சொற்பம். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் மூன்று, ஒரு எஃகுக் கத்தி, ஒரு பல்துலக்கும் பிரஷ், எலுமிச்சம்பழம். கல்மரத்தைக் கத்தியால் கீறினால் கோடு விழாது, கத்தியின் இரும்புதான் கல்லில் தேயும். சிப்பி சுண்ணாம்பு. அதைச் சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும். கல்மரத்தின் குறுக்கு வெட்டை நனைத்து லென்ஸில் பார்த்தால் சல்லடை மாதிரி ஓட்டைகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பூக்கிற மரம், நம் புளி, ஆமணக்கு இவற்றின் சாதி சனம். இரண்டு குடும்பத்து மரங்களும் திருவக்கரையில் உண்டு. ஓட்டையே இல்லாமல் தறியில் நெய்த துணிபோல ஒரே சீராக இருந்தால் பைன் மாதிரியான, பூக்காத மரம். இரு பக்கச் சிப்பிக்கு வேறொரு சூத்திரம். நம் மட்டியை மூடி வைத்துப் பாருங்கள், இரண்டு ஓடும் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பம். மட்டி போலவே தோன்றும் இன்னொரு பழைய இனம் உண்டு. அதில் ஓட்டின் நடுவில் கோடு போட்டால்தான் இடமும் வலமும் ஒத்துப்போகும், மேல் ஓடும் கீழ் ஓடும் ஒத்துப்போகாது. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

வருகிற கல்லில் முக்கால்வாசி எச்சமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுக்காங்கல் எலும்பு என்று வரும், வேரைச் சுற்றி இறுகியது என்றால் கேட்கவே வேண்டாம். பெரணி இலை பதிந்த மாதிரி கறுப்புக் கோலம் போட்ட கல் வரும், அது இலை இல்லை, விரிசலில் ஊறிய மாங்கனீசு. பழைய சுண்ணாம்புக் காளவாய் இருந்த இடத்தில் கிளிஞ்சல் அள்ளி வருவார்கள், தாத்தா காலத்தில் கடற்கரையிலிருந்து வண்டி கட்டி வந்த சரக்கு அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விசேஷம், சர்க்கரை ஆலைக் கொதிகலனில் உருகி இறுகிய சாம்பல் கட்டி. பொத்தல் பொத்தலாக, கறுப்பாக, விண்கல் மாதிரியே இருக்கும். உருண்டையாக எது கிடைத்தாலும் முட்டை. பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே பேசி, விஷயம் தெரிந்தவர்கள் வந்துதான் அது கடல் உயிரைச் சுற்றிப் படிந்த உருண்டை என்று சொன்னார்கள்.

இல்லை என்று சொல்வது எப்படி? ஆசிரியரிடம் கற்றேன். "இது அது இல்ல" என்று நிறுத்தக் கூடாது, "இது இன்னது" என்று முடிக்க வேண்டும். சாம்பல் கட்டி கொண்டு வந்த பெண்ணுக்கு ஆலையில் கரும்புச் சக்கை எரிந்து கொதிகலன் ஓடுவதைச் சொன்னோம். அதையும் பேரேட்டில் ஏற்றினேன், வரிசை எண் 17. அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது எண் 41-க்கு வருகிறேன். இத்தனை எழுதியதும் அதற்காகத்தான்.

எட்டாவது படிக்கிற பையன். வகுப்புக்கு வெளியே, ஒரு புதன்கிழமை சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்தான். கைக்குட்டையில் சுற்றிய ஒரு துண்டு. தீப்பெட்டி அளவு, தேன் நிறம், ஒரு ஓரம் செக்கச்செவேல் என்று. கத்தி விழவில்லை. நனைத்து லென்ஸில் பார்த்தேன். அவ்வளவு தெளிவான துவாரங்களை நான் பூங்காவிலேயே பார்த்ததில்லை. ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் வெளிர் வளையம். பையனும் பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை.

"எங்க எடுத்த தம்பி?"

"எங்க சித்தப்பா வூடு கட்றாங்க இல்ல தாத்தா, அங்க கொட்டியிருக்கிற செம்மண்ணுல."

"அந்த மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

பதில் இல்லை. கைக்குட்டையை மடித்தான், பிரித்தான். பிறகு, "அப்பாதான் லாரியில ஓட்டிகிட்டு வந்தாரு. ஆனா நோட்டுல எழுதக் கூடாதுன்னு சொன்னாரு" என்றான்.

அடுத்த நாள் இரவு அப்பாவே வந்தார். டிப்பர் ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வர யோசித்தார். "ஐயா, பையன் ஏதோ நோட்டுல எழுதறாங்கன்னு சொன்னான்" என்று ஆரம்பித்தார். என் மனைவி டீ கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார். பர்மிட்டெல்லாம் முதலாளி பார்க்கிற விஷயம், இவருக்குத் தெரியாது, ராத்திரி நடைக்கு இவ்வளவு என்று கூலி. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லைப் பற்றிக் கேட்டேன்.

கேட்டதும் மனிதர் மாறிவிட்டார். எந்த ஊர், எந்த மேடு, எவ்வளவு ஆழம், எல்லாம் சொன்னார். மேலே ஆளுயரத்துக்குச் சிவப்பு மண். அதற்குக் கீழே கூழாங்கல் கலந்த மணல். அந்த இரண்டும் சேருகிற இடத்தில்தான் இந்தத் துண்டுகள் வருமாம். "பெருசும் வரும்ங்க. போன மாசம் ஒண்ணு, பனமரம் கணக்கா நீட்டா படுத்திருந்துச்சு. ஜேசிபி பக்கெட்டு பட்டதும் துண்டு துண்டாப் பூடுச்சு. மரம்னு எனக்குத் தெரியுமுங்க, பட்டை கூடத் தெரிஞ்சுச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 2 கோடி வருஷம் கிடந்தது, ஒரு பக்கெட் தட்டில் வீட்டுக்கு அடிமண் ஆகிவிட்டது. லாரி ஓட்டுகிறவர்களும் ஜேசிபி ஓட்டுகிறவர்களும் பார்க்கிற அளவுக்கு எந்த ஆராய்ச்சியாளரும் பார்த்திருக்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த அடுக்கை அவர் விவரித்த மாதிரி எந்தப் பிள்ளையும் எங்களுக்கு விவரித்ததில்லை, நானும் விவரித்ததில்லை. புறப்படும்போது வாசற்படியில் நின்று, "எழுதிடாதீங்க ஐயா" என்றார்.

என் சர்வீஸில், யாரோ எழுதிய ஒரே ஒரு வரியால் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் படியேறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, உண்மையைத்தான் எழுதினார். இந்தப் பேரேடு வகுப்புக் கண்காட்சியில் மேஜைமேல் திறந்து கிடக்கப்போவது. யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். மாட்டுகிறவர் முதலாளியாக இருக்கமாட்டார், வண்டி ஓட்டியவராகத்தான் இருப்பார்.

ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர் இல்லாம இந்தக் கல்லுக்கு என்ன சார் மதிப்பு? நீங்கதானே வாரா வாரம் பசங்ககிட்ட இதையே சொல்றீங்க? அதோட, அங்க இன்னும் எத்தன மரம் இருக்கோ, சொன்னாத்தானே காப்பாத்த முடியும்?" அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒன்பது மணி வரை வாதாடினோம். தெரியவில்லை என்று எழுதிவிடலாம் என்றார் கடைசியில், சலிப்போடு. அது மட்டும் முடியாது என்றேன். தெரிந்ததைத் தெரியவில்லை என்று நான் பேனாவில் எழுதியதில்லை.

எண் 41 இப்படி இருக்கிறது. கிடைத்த இடம்: முண்டியம்பாக்கம், வீட்டு அடித்தளத்துக்குக் கொட்டிய செம்மண் குவியல். மண் வந்த இடம்: தெரியும், கேட்டுக்கொண்டதன் பேரில் குறிக்கப்படவில்லை. அடுக்கு: சிவப்பு மண்ணுக்கும் கூழாங்கல் மணலுக்கும் இடையில், சுமார் ஆளுயர ஆழம். நீளம் 5 சென்டிமீட்டர். ஆசிரியர் படித்துவிட்டு, "இதுவே காட்டிக் கொடுத்துடும்போல இருக்கே சார்" என்று சிரித்தார். சிரித்தாலும், பூங்காவைப் பார்த்துக்கொள்கிற துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வட்டாரத்தில் செம்மண் எடுக்கும் இடங்களிலெல்லாம் கல்மரம் உடைகிறது, வந்து பார்க்க வேண்டும் என்று பொதுவாக. வரைவு நான் போட்டது. ஊர்ப் பேர் ஒன்றும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. பதில் வருகிறபோது வரட்டும்.

பையனின் அப்பாவைப் பிறகு ஒருமுறை டீக்கடையில் பார்த்தேன். பெரிதாக ஏதாவது தெரிந்தால் ஒதுக்கிப் போடச் சொல்லி ஜேசிபிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். "அவன் கேப்பானோ மாட்டானோ" என்றார்.

கண்காட்சி முடிந்து கல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது பையன் பேரேட்டை ஊன்றிப் பார்த்தான். 'பூக்கும் மர வகை, புளியின் குடும்பமாக இருக்கலாம்' என்று பென்சிலில் இருந்தது.

"இத எப்ப தாத்தா பேனாவுல எழுதுவீங்க?"

லக்னோவில் பீர்பால் சஹானி பேரில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கே கல்லை அறுத்து, தலைமுடியை விட மெல்லிசாகத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், அப்போதுதான் உறுதியாகத் தெரியும் என்றேன்.

"அறுப்பாங்களா? அப்ப கல்லு சின்னதாயிடுமே!" என்று சட்டென்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.